லண்டனில் வாங்கிய ஸ்டிரிப், தஞ்சையில் கூடிய இன்சுலின்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்நிகழ்வு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றியது. அறுபதுகளின் பிற்பகுதியில் இருக்கும் அவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கணவருடன் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறார். இரண்டாம் வகை நீரிழிவு அவருக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரையுடன், விரைவாக வேலை செய்வது 30 பங்கும் மெதுவாக வேலை செய்வது 70 பங்கும் சேர்ந்த 30/70 கலவை இன்சுலினைக் காலை உணவுக்கு முன் 20 யூனிட்டும் இரவு உணவுக்கு முன் 12 யூனிட்டும் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் 120-க்கும் 135-க்கும் இடையில் நின்றது. அந்த வயதில் தனியாக வாழும் தம்பதியருக்கு அது நல்ல கட்டுப்பாடுதான்.

இரவு இன்சுலினை வீட்டிலேயே திருத்திக்கொள்வதற்காக எங்கள் மருத்துவமனை ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தது. தொடர்ந்து மூன்று நாள் காலை அளவு 130 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்தால் இரவு அளவில் 2 யூனிட் கூட்டலாம். எந்த நேரத்திலாவது 70-க்குக் கீழே போனால் கூட்டியதைக் குறைத்துவிட்டு எங்களை அழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கணவர் அத்தாளை வங்கிச் சுற்றறிக்கைக்குரிய மரியாதையுடன் பின்பற்றி வந்தார்.

அவர்களிடம் இருந்தது சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூரில் வாங்கிய, கோடு (code) சிப் என்ற சிறு சில்லைச் செருகும் வகை குளுக்கோமீட்டர். அதன் இயக்கம் தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். இரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டையான ஸ்டிரிப்பின் நுனியில் பூசப்பட்டுள்ள நொதி, இரத்தத்திலுள்ள குளுக்கோசுடன் வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. மீட்டர் அதை அளந்து எண்ணாக மாற்றுகிறது. ஆனால் தொழிற்சாலையில் ஒரு தொகுதியில் பூசிய நொதியின் வீரியமும் அடுத்த தொகுதியில் பூசியதன் வீரியமும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தத் தொகுதிக்கு எந்தக் கணக்கில் மின்னோட்டத்தை எண்ணாக்க வேண்டும் என்பதைச் சொல்வதே கோடு சிப்பின் வேலை. ஸ்டிரிப் பெட்டி ஒவ்வொன்றிலும் அதற்குரிய சிப் இருக்கும். குப்பியின் மேல் அச்சிட்ட கோடு எண்ணும் மீட்டர் திரையில் தோன்றும் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் வாசிப்பு 30 விழுக்காடு வரைகூட, மேலாகவோ கீழாகவோ, பிசகலாம். புதிய மீட்டர்கள் பலவற்றில் இந்த வேலையே இல்லை என்றாலும், பழைய வகை இன்னும் நம் வீடுகளில் ஏராளமாக இருக்கிறது.

## லண்டனில் வாங்கியவை

தம்பதியர் மகளைப் பார்க்க லண்டன் சென்று சில மாதங்கள் தங்கினர். கொண்டுபோன ஸ்டிரிப்கள் பாதியிலேயே தீர்ந்தன. பிரிட்டனில் வசிப்பவர்களில் இன்சுலின் போடுபவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருந்துச்சீட்டின் பேரில் ஸ்டிரிப் இலவசமாகக் கிடைக்கிறது. பார்வையாளராக வந்தவர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மகள் முதலில் அருகிலிருந்த மருந்துக்கடையில், மீட்டரில் இருந்த அதே பெயருடைய ஸ்டிரிப் பெட்டிகளை வாங்கினார். பெட்டிக்குள் சிப் இருந்தது. கணவர் அதைச் செருகி, திரையிலும் குப்பியிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தினார். அந்தக் காலத்து அளவுகள் வழக்கம்போலவே இருந்ததை அவருடைய நோட்டுப் புத்தகம் காட்டுகிறது.

ஊர் திரும்பும் நேரம் நெருங்கியபோது, இணையத்தில் தனி விற்பனையாளர் ஒருவர் அதே பெயருள்ள ஸ்டிரிப்களைக் கடை விலையில் பாதிக்கும் குறைவாக விற்பதைக் கண்ட மகள், பெற்றோர் ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று மொத்தமாக வாங்கினார். அவை பெட்டியில்லாமல் குப்பிகளாக மட்டும் வந்தன. பின்னர் மகள் விசாரித்தபோது, அஞ்சல் எடையைக் குறைப்பதற்காகப் பெட்டிகளை அகற்றிவிட்டதாக விற்பனையாளர் பதில் எழுதினார். சிப் இருந்தது பெட்டியில்தான். குப்பிகளின் மூடி முத்திரை உடையவில்லை. காலாவதித் தேதிக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆகவே வீட்டில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஃபாரின் சரக்கு என்றால் உள்ளூர்ச் சரக்கைவிடத் தரமாக இருக்கும் என்ற நம் ஊர் நம்பிக்கையும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது என்றே கருதுகிறேன்.

குப்பிகள் பெரிய பெட்டியில் துணிமணிகளோடு விமானத்தின் சரக்கறையில் வந்து சேர்ந்தன. அது கோடைக்காலம்.

## ஊர் திரும்பிய பின்

மருந்துக்கடையில் வாங்கியவை தீர்ந்ததும் புதிய குப்பிகளில் ஒன்றைத் திறந்தனர். மீட்டரில் பழைய சிப் அப்படியே இருந்தது. மீட்டர் பிழை எதுவும் காட்டவில்லை, காட்டவும் முடியாது. இவ்வகை மீட்டருக்குத் தன்னிடம் செருகப்பட்ட சிப் மட்டுமே தெரியும், ஸ்டிரிப் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று தெரியாது.

முதல் நாளிலிருந்தே காலை அளவுகள் 160, 170 என்று வந்தன. பயணக் களைப்பு, மாம்பழப் பருவம், லண்டனில் நடந்த அளவுக்கு இங்கே நடக்க முடியாத வெயில் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தாளில் எழுதியிருந்தபடி கணவர் இரவு இன்சுலினை 14 ஆக்கினார். பின்னர் 16 ஆயிற்று, 18 ஆயிற்று. ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் எண் சற்று இறங்கியது. ஆனால் 130-க்குக் கீழே வரவில்லை. மாம்பழத்தை நிறுத்தியும் அப்படியே இருந்ததால், அம்மையார் இரவு உணவை இரண்டு இட்லிக்குக் குறைத்துக்கொண்டார். இன்சுலின் கூடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் உணவு குறைந்தது, அடுத்து நடந்ததற்குச் சமமான காரணம்.

ஓர் இரவு, மூன்று மணியளவில், அம்மையார் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எழுந்து உட்கார்ந்திருந்தார். கணவர் உடனே சோதித்தார். மீட்டர் 76 என்றது. தாளில் உள்ள 70 என்ற எல்லைக்கு மேல் இருந்ததால், இது தாழ்சர்க்கரை அல்ல என்று எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் படுக்கச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எண் என்னவாக இருந்தாலும் அறிகுறி இருந்தால் சர்க்கரை கொடுங்கள் என்று முன்பு சொல்லப்பட்டதை நினைவில் வைத்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அம்மையார் தெளிந்தார். இந்நிகழ்வு முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக முக்கியமானது அதுவே என்பது எங்கள் கருத்து.

காலையில் எங்களை அழைத்தனர். அன்று இரவே இன்சுலினை 12 யூனிட்டுக்கு இறக்கிவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றில், மீட்டர், ஸ்டிரிப் குப்பிகள், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னோம்.

## மருத்துவமனையில் கண்டவை

வெறும் வயிற்றில் வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உணவுக்குப் பின் விரல் நுனி இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, கையின் சிரையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தில் மீட்டரையும் லேபையும் ஒப்பிட்டால் மீட்டரின் மேல் இல்லாத பழி விழும். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. சிரை இரத்தத்தை ஃபுளோரைடு குழாயில் எடுத்து, தாமதமின்றிப் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய இரத்தத் திரவத்தை) பிரித்தோம். சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்துவிட்டால், இரத்த அணுக்களே சர்க்கரையைச் செலவழித்து மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைத்துவிடும்; அப்போதும் ஒப்பீடு பொய்க்கும்.

கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்த பிறகு, சில நிமிட இடைவெளிக்குள் எடுத்த அளவுகள் இவை: அவர்களுடைய மீட்டரில் 164, மருத்துவமனையின் மீட்டரில் அதற்குரிய ஸ்டிரிப்பைக் கொண்டு 129, லேப் பிளாஸ்மா 125. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரநிலையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 100 மி.கி. முதல் மேலே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாசிப்புகள் லேப் அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி 125-க்கு 144 வரை பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய மீட்டர் 31 விழுக்காடு கூட்டிக் காட்டியது.

கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை 7.0 விழுக்காடு என்று வந்தது. வழக்கமான சூத்திரப்படி அது சராசரியாக 154 மி.கி. சர்க்கரையைக் குறிக்கும். மீட்டரின் நினைவகமோ முப்பது நாள் சராசரியை 196 என்றது. அது உண்மையானால் எச்பிஏ1சி 8.5-ஐ நெருங்கியிருக்க வேண்டும். எச்பிஏ1சி மூன்று மாத காலத்தைத் தழுவுவதால் லண்டனின் நல்ல வாரங்களும் அதில் அடங்கும், எனவே இந்த ஒரு முரண்பாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டோம். லேப் ஒப்பீட்டோடு சேர்ந்தபோதுதான் அது வலுவான சான்றாயிற்று.

மீட்டர் கூட்டிக் காட்டுவதற்கு வேறு வழிகளும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினோம். இரத்தசோகையில் சிவப்பணு விகிதம் மிகக் குறைந்தால் வாசிப்பு உயரும். இவருக்கு அது 36 விழுக்காடு, பெரும்பாலான ஸ்டிரிப்கள் ஏற்கும் வரம்புக்குள் இருந்தது. வைட்டமின் சி மிகுதியாக எடுக்கவில்லை. வயிற்றுவழி டயாலிசிஸ் கரைசல்கள் சிலவற்றில் உள்ள ஐகோடெக்ஸ்டிரின் என்ற மாவுப்பொருள் சிலவகை ஸ்டிரிப்களை ஏமாற்றக்கூடியது. அதற்கு இங்கே இடமே இல்லை. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்ததா என்ற கேள்வியைக் கழுவிய கை தீர்த்துவிட்டது.

பிறகு குப்பியைக் கையில் எடுத்தோம். அதில் அச்சிட்டிருந்த கோடு எண் ஒன்று; மீட்டரை இயக்கும்போது திரையில் ஒரு கணம் தோன்றி மறையும் எண் வேறொன்று.

திருச்சியிலுள்ள விநியோகஸ்தரிடம் சொல்லி அந்த ஸ்டிரிப்புக்குரிய கன்ட்ரோல் கரைசலை வரவழைக்கச் சில நாள் ஆயிற்று. இது குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த ஒரு திரவம். இரத்தத்துக்குப் பதிலாக இதன் துளியை வைத்தால், குப்பியில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். இங்கே இன்னொரு தடை. பிரிட்டனில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வதால், குப்பியில் 5.9 முதல் 8.0 வரை என்று இருந்தது, மீட்டரோ மி.கி. கணக்கில் காட்டும். 18 ஆல் பெருக்கினால் எல்லை 106 முதல் 144. சோதனையில் 166 வந்தது. மறுபடி செய்தபோது 169. நம் ஊர் மருந்துக்கடைகளில் கன்ட்ரோல் கரைசல் அநேகமாகக் கிடைப்பதில்லை என்பதால் மக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிடைத்திருந்தாலும், 5.9 என்ற எண்ணைப் பார்த்து என்ன செய்வதென்று இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

இரவு 76 என்று காட்டியபோது உண்மையான அளவு 58-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்பது எங்கள் மதிப்பீடு.

## எடுத்த முடிவுகள்

கரைசல் வரும்வரை காத்திராமல், லேப் ஒப்பீட்டு நாளிலேயே அந்த மீட்டரை நிறுத்தினோம். இரவு இன்சுலின் 12 யூனிட்டில் நின்றது. காலை அளவைத் தொடவில்லை. மருத்துவமனை மீட்டர் ஒன்றைச் சில நாளுக்குக் கொடுத்தனுப்பினோம். வழக்கமான இரவு உணவுக்குத் திரும்பும்படி அம்மையாரிடம் சொன்னோம்.

மீதமிருந்த ஸ்டிரிப்களை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது. திறக்காத குப்பிகள் ஏழு, குப்பிக்கு 50. உள்ளூர் விலையில் ஸ்டிரிப் ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் 7,000 ரூபாய்ச் சரக்கு. எங்கள் மருத்துவர்களில் ஒருவர், சரியான சிப்பைத் தேடிப் பெற்று, கன்ட்ரோல் கரைசலிலும் லேப் ஒப்பீட்டிலும் தேறினால் பயன்படுத்தலாம் என்று வாதிட்டார். அதில் நியாயம் உண்டு. சிப் மாறியதுதான் முழுக் காரணமாக இருக்கவும் கூடும். ஆனால் அந்தக் குப்பிகள் எவர் வீட்டில், எந்த அறையில், எத்தனை மாதம் கிடந்தன என்பதைச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. பெரும்பாலான ஸ்டிரிப்கள் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாதவை. ஈரமும் வெப்பமும் நொதியைக் கெடுக்கும், கெட்டது வெளியே தெரியாது. ஒரு குப்பி தேறினால் அடுத்த குப்பியும் தேறும் என்பதற்கு உறுதியில்லை, ஏழையும் தனித்தனியே சோதிக்கும் செலவு புதிதாக வாங்கும் செலவை நெருங்கும். ஒருவர் வாங்கி மறுபடி விற்கும் ஸ்டிரிப்களையும், தன் நாட்டில் விற்க அனுமதி பெறாத ஸ்டிரிப்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் எச்சரித்ததும் இத்தகைய காரணங்களுக்காகவே. இன்சுலின் போடுபவருக்கு இவை வேண்டாம் என்பதே எங்கள் முடிவாயிற்று.

கணவர் வேறொரு வழி சொன்னார். மீட்டர் 31 விழுக்காடு கூட்டுகிறது என்பது தெரிந்துவிட்டதால், வரும் எண்ணை 1.31 ஆல் வகுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டார். கணக்குத் தெரிந்தவரின் கேள்வி; அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அந்த 31 விழுக்காடு, 125 என்ற ஒரே இடத்தில் கண்டது. சிப் தரும் கணக்கில் சாய்வும் உண்டு, தொடக்கப் புள்ளியும் உண்டு. இரண்டில் எது பிசகியிருந்தாலும் 60-இல் பிழை ஒரு விதமாகவும் 300-இல் வேறு விதமாகவும் இருக்கும். கன்ட்ரோல் கரைசல் தருவதும் இன்னொரு நடுத்தர அளவுதான். இந்த அம்மையாருக்கு உயிரோடு தொடர்புடைய பகுதியோ 70-க்குக் கீழே உள்ளது, அங்கே எங்களிடம் ஒப்பீடு எதுவுமில்லை. அதற்காக ஒருவரின் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கிப் பார்க்க முடியாது. நாங்கள் 58 என்று மதிப்பிட்டதும் அதே வகுத்தலால் வந்ததுதான். நடந்து முடிந்ததை விளக்க அந்த மதிப்பீடு உதவும், இனி நடக்க வேண்டியதை அதன்மேல் நிறுத்த முடியாது. மேலும், இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 1.31 ஆல் வகுக்க வேண்டியவர் அவரே என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

## பின் நடந்தவை

சிப் தேவைப்படாத மீட்டர் ஒன்றை உள்ளூரில் ஸ்டிரிப்களோடு வாங்கினர். அதையும் முதல் வாரத்தில் வெறும் வயிற்றில் லேபோடு ஒப்பிட்டோம். வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. 12 யூனிட்டில் காலை அளவுகள் பழையபடி 120-களுக்குத் திரும்பின. இரவு வியர்வையும் நடுக்கமும் மீண்டும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.1.

மகள் மிகவும் வருந்தினார். அவர் வாங்கியது போலிச் சரக்கு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்பதையும், பெட்டியோடு சிப் வந்திருந்தால் ஒருவேளை எதுவுமே நடந்திராது என்பதையும் அவரிடம் தொலைபேசியில் விளக்கினோம். சிப் மாறியதன் பங்கு எவ்வளவு, வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று நாங்கள் பிரித்தறியவில்லை. அதற்குச் சரியான சிப் வேண்டும். சிகிச்சைக்கு அது தேவைப்படாததால் தேடவில்லை.

## நடைமுறையில் மாற்றியவை

இன்சுலின் கூட்டும் தாளில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: புதிய ஸ்டிரிப் குப்பி திறந்த பிறகு அளவுகள் திடீரென ஏறினாலோ இறங்கினாலோ, இன்சுலினை மாற்றுவதற்கு முன் ஒருமுறை லேபில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க வேண்டும். பழைய தாள் எண்ணை வைத்து யூனிட்டை மாற்றச் சொன்னதே தவிர, எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தொலைபேசியில் அளவு சொல்பவர்களிடம் இப்போது மீட்டர் திரையையும் குப்பியின் லேபிளையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். கோடு எண், காலாவதி, எந்த நாட்டுச் சரக்கு, எந்த அலகு ஆகிய எல்லாம் அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்பவர்களுக்கு, தங்கும் நாள்களைக் கணக்கிட்டு அதற்கு மேலும் கொஞ்சம் ஸ்டிரிப்களைப் பெட்டியோடு, மருந்துச்சீட்டோடு, கைப்பையில் எடுத்துச்செல்லச் சொல்கிறோம். அங்கே தீர்ந்துவிட்டால், பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதை நம்பி ஸ்டிரிப்பை மட்டும் வாங்காமல், அந்நாட்டு மருந்துக்கடையில் மீட்டரையும் சேர்த்தே வாங்குவது நல்லது. மீட்டரின் விலை பெரிதல்ல, செலவு பிடிப்பது ஸ்டிரிப்தான். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் மீட்டர்கள் மில்லிமோலில் காட்டும். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுத வேண்டும். 7.2 என்பது நம் கணக்கில் 130. ஊர் திரும்பியதும் அந்த மீட்டரை ஸ்டிரிப்களோடு ஒதுக்கி வைத்துவிட்டு, பழையதற்குத் திரும்பலாம்.

இவ்வளவையும் எல்லா நோயாளிகளிடமும் கேட்பதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு மீட்டர் 30 விழுக்காடு கூட்டிக் காட்டினாலும், அடுத்த எச்பிஏ1சி வரும்வரை வீண் கவலையைத் தவிரப் பெரிய தீங்கு நேராது. லேபிள் படமும் லேப் ஒப்பீடும், இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்று சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் மட்டுமே.